சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும்

போன மாதம் சுமதி போன் செய்தாள். என்னிடம் சில வருடங்கள் உதவியாளராக இருந்தவள். இப்போது தனியாகப் படங்களுக்கு மேக்கப் போடுகிறாள். எடுத்த எடுப்பிலேயே குரல் கம்மியிருந்தது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, காட்டுக்குள் கிடந்து உயிரோடு திரும்பிய ஒருவரின் உண்மைக் கதையைப் படமாக எடுக்கிறார்களாம். அதில் அவருடைய தோழர் இறந்து கிடக்கும் காட்சி. எடுத்து முடித்ததும் அந்த நடிகரை கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். "இந்த மூடநம்பிக்கைக்கெல்லாம் என் செட்டில் இடமில்லை" என்று டைரக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம்.

"நீங்களே சொல்லுங்க சார், அது வேணுமா வேண்டாமா?"

சினிமாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. சாவு வேஷம் போட்டவர், "கட்" சொன்னதும் அப்படியே எழுந்து போகக் கூடாது. கேமராவை நிறுத்துவதற்கு முன்னால் அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது, வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆனாலும் சிரிக்காமல் எழுந்தால் அவருடைய ஆயுசுக்கு ஆகாது என்று ஒரு பயம். தமிழ்ப் படம், மலையாளப் படம் இரண்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ராகுகாலம், எமகண்டம் எதிலும் பெரிய பிடிப்பு இல்லை. பூசணிக்காய் உடைக்கும் நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ஆனால் இந்தச் சிரிப்பு விஷயத்தில் எனக்கு ஒரு பதில் உண்டு. அது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. "எழுதி அனுப்பறேன், பொறுமையாப் படி" என்றேன். அதனால்தான் இது.

எனக்குச் சொந்த ஊர் எருத்தேன்பதி. பாலக்காட்டு ஜில்லாதான், ஆனால் பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் கோட்டை விட்டேன், நாடகக் குழுவோடு சுற்றினேன், வீட்டில் திட்டு வாங்கினேன், மெட்ராசுக்கு ரயில் ஏறினேன். இரண்டு பாஷையும் பேசுவேன் என்பதால் இரண்டு பக்கத்துப் படங்களிலும் வேலை கிடைத்தது. அவ்வளவுதான் என் ஆரம்பக் கதை. அதற்கு மேல் நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும்.

செல்லப்பன் மாஸ்டரைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்ட வேண்டும். என்னைச் சேர்த்துக்கொண்ட தலைமை மேக்கப்மேன் அவர். வெள்ளைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். அந்தச் சட்டையில் ஒரு பொட்டு மை பட்டு நான் பார்த்ததில்லை. நானோ சாயந்தரம் ஆனால் கசாப்புக் கடையிலிருந்து வருகிறவன் போல இருப்பேன். காயம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காட்டில் தொலைந்தவன், மலையிலிருந்து விழுந்தவன், பட்டினியில் வற்றியவன் என்று படம் எடுத்தால் அவரைத்தான் தேடி வருவார்கள்.

காயம் போட உட்கார்ந்ததும் முதலில் ஒரு கேள்வி கேட்பார். "அடி எங்கிருந்து வந்தது?" டைரக்டர் விழிப்பார். "விழுந்தாருங்க." "எதன் மேலே விழுந்தார்? எந்தப் பக்கமாக?" அதைத் தெரிந்துகொள்ளாமல் பிரஷ்ஷைத் தொட மாட்டார். சரிவில் உருண்டவனுக்கு உள்ளங்கை கிழியும், முழங்கையின் வெளிப்பக்கம் உரியும், தாடையும் புருவமும் அடிபடும். நெஞ்சில் ரத்தம் கொட்டிக்கொண்டு வராது. நான் ஆர்வக் கோளாறில் ரத்தத்தை ஊற்றிவிட்டால், "சிவப்பு இன்னைக்கு மலிவா கிடைச்சுதா?" என்பார். அவ்வளவுதான் அவர் திட்டு. நாள் முழுக்கச் சாப்பாடு இறங்காது.

பட்டினி முகத்துக்கு அவர் கறுப்பே தொட மாட்டார். நெற்றிப் பொட்டிலும் கன்ன எலும்புக்குக் கீழேயும் மங்கிய பழுப்பு. உதட்டில் லேடெக்ஸ் என்கிற ரப்பர் பாலைத் தடவி, அது காய்வதற்குள் மெல்லிய காகிதத்தைக் கிள்ளி ஒட்டி, காய்ந்ததும் விரலால் உடைப்பார். வெடித்த உதடு வந்துவிடும். அதற்கு மேலே முல்தானி மட்டியை ஊதுவார். அந்த முகத்தோடு நடிகரைக் கண்ணாடி பார்க்க விட மாட்டார். "பார்த்தால் பரிதாபமாக நடிப்பான். உண்மையில் பசித்தவன் தன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான்" என்பார்.

இன்னொன்று. யாருடைய முகத்தையும் கேட்காமல் தொட மாட்டார். பெரிய நடிகராக இருந்தாலும், பிணக் குவியலில் படுக்கப் போகிற துணை நடிகராக இருந்தாலும் ஒரே மாதிரி குனிந்து, "தொடலாமா?" என்பார். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் விரல் படும். சாவு வேஷம் என்றால் இன்னும் கறார். சிரித்து முடித்ததும் அந்த இடத்திலேயே, போட்ட கையாலேயே துடைத்துவிட வேண்டும். அந்த முகத்தோடு யாரும் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் இருக்கும். நானும் அதே பழக்கத்துக்கு வந்தேன். ஏன் எதற்கு என்று யோசித்ததில்லை. பல் தேய்ப்பது போல அதுவும் ஒன்று.

இடையில் ஒரு கூத்து. மறையூரில் ஒரு படத்துக்கு ரத்தம் தீர்ந்துவிட்டது. மாஸ்டர் அன்றைக்கு இல்லை. நான் மேதாவித்தனமாகப் பக்கத்துக் கரும்பு ஆலைக்கு ஓடி, வெல்லப் பாகு வாங்கிச் சாயம் கலந்து கதாநாயகனின் கழுத்தில் ஊற்றினேன். நிறம் அவ்வளவு பிரமாதம். பாறையில் மயங்கிக் கிடந்த கதாநாயகன் நடுவில் ஐயோ என்று அலறிக்கொண்டு எழுந்தார். கட்டெறும்பு. டைரக்டர் அந்த அலறலைப் படத்தில் வைத்துக்கொண்டார். கதாநாயகன் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

அதே மறையூரில்தான், பிறகு வேறொரு படத்தில், நான் சொல்ல வந்தது நடந்தது. அதற்குள் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டார். நான் தலைமை மேக்கப்மேன்.

படத்தின் கதை உண்மையில் நடந்தது. வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்த இரண்டு இளைஞர்கள், வேலுவும் முத்துவும். ஒரு மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் ஜீப்பில் போகும்போது மலை சரிந்து ஜீப்போடு பள்ளத்துக்குள் போய்விட்டார்கள். உருள்பொட்டல் என்பார்கள் அங்கே. முத்துவுக்குப் பலத்த அடி. வேலு அவனைச் சுமந்துகொண்டு பல நாள் காட்டுக்குள் வழி தேடியிருக்கிறான். பாறையில் வழிந்த தண்ணீரும் கிழங்கும்தான் ஆகாரம். கடைசியில் தேடிப் போனவர்கள் கண்டுபிடித்தபோது வேலு உயிரோடு இருந்தான், முத்து இல்லை. இப்படிப்பட்ட படங்களின் போஸ்டரில் திரும்பி வந்தவன் மட்டும்தான் இருப்பான். திரும்பாதவனுக்கு நான் மேக்கப் போடுவேன்.

மழையில் நடந்த கதையை மழை பெய்யும் இடத்தில் எடுக்க முடியாது. கேமரா தாங்காது. அதனால் மழை எட்டிப் பார்க்காத மறையூரில், டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து குழாய் போட்டு மழை பெய்ய வைத்தார்கள். சினிமாவின் லட்சணம் அப்படி. வேலுவை ஆலோசனை சொல்ல வரவழைத்திருந்தார்கள். கூப்பிட்டால் ஒழிய வாய் திறக்காத ஆள். சிரித்து நான் பார்த்ததே இல்லை.

முத்து இறந்த காட்சி எடுப்பதற்கு முந்தின நாள், வேலுவை மேக்கப் வேனுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மாஸ்டரின் கேள்வியைக் கேட்டேன். "அடி எங்கிருந்துங்க வந்துது?"

 தன் முகத்திலேயே விரலால் காட்டினான்.

"எடது பக்கம் பூரா பாறையில மோதிட்டுண்ணே. கன்னம் கிழிஞ்சு தொங்குச்சு. வலி தாங்காம கத்திக்கிட்டே கெடந்தான். உசுரு போன பெறகு, அந்த எடது கண்ண மட்டும் என்னால மூட முடியல. மூட மூடத் தொறந்துகிட்டே இருந்துச்சு."

நான் குறித்துக்கொள்ளவில்லை. அது மறக்கிற விவரம் இல்லை. அவன் போகாமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, முத்துவோட அம்மா நாளைக்கு வாறாங்க. எவ்வளவோ தடுத்துப் பாத்துட்டேன். அவங்களுக்குக் கடைசியா மொகத்தக் காட்டவே இல்ல. ஆஸ்பத்திரியில கட்டிக் குடுத்தத அப்படியே கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டாங்க. அவன மாதிரி ஒரு பையன் நடிக்கானாமே, அந்த மொகத்தையாவது பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாங்க." தலையைக் குனிந்துகொண்டான். "தூங்குற மாதிரியே போயிட்டான், ஒரு வலியும் இல்லன்னுதான் நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு பிடிக்கவில்லை. டைரக்டரிடம் போனேன். நல்ல மனிதர்தான். ஆனால் உண்மைக் கதை என்று போட்டுவிட்டுப் பொய் முகம் காட்ட முடியாது என்று பிடிவாதமாக இருந்தார். அதுவும் நியாயம்தான். அந்த அம்மாவை வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டோம். கேமராவை இடது பக்கம் வைப்பது. அம்மாவுக்கு நாற்காலியை வலது பக்கம் தள்ளிப் போடுவது. நான் இடது பாதி முகத்துக்கு மட்டும் காயம் போடுவது. வலது பாதியை லேசாக வெளுக்க வைத்து, தூங்குகிற முகமாக விட்டுவிடுவது.

முத்துவாக நடித்த அருண் புதுப் பையன், மரியாதை தெரிந்தவன். "தொடலாமா தம்பி?" என்று கேட்டு ஆரம்பித்தேன். கிழிந்த கன்னத்தை லேடெக்ஸில் செய்து ஒட்டினேன். ஓரங்களை மெலிதாக்கித் தோலோடு தோலாக்கினேன். இடது கண்ணை மூடச் சொல்லி, அதன் மேலே ரப்பரில் செய்த இமையைப் பொருத்தினேன். பாதி திறந்து, உள்ளே விழி நிலைத்துப் போன இமை. மழையில் ஊறிய ரத்தம் பழுப்பாகிவிடும். அதையும் அப்படியே வைத்தேன்.  என் வேலையில் அதைவிட நல்ல காயம் நான் போட்டதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இல்லை.

பேச்சியம்மாள் காலை பஸ்ஸில் மூணாறு வழியாக வந்து இறங்கினார். ஒல்லியான உடம்பு, மேலே ஆண்கள் போடும் ஒரு பழைய ஸ்வெட்டர். முத்துவுடையதாக இருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தார். குழாய் மழை தொடங்கியது. வேலுவாக நடித்தவர் அருணை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அம்மா இருந்த இடத்திலிருந்து பார்த்தால் ஒரு பையன் மழையில் தூங்குவது மட்டும்தான் தெரியும். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். நிஜ வேலு டேங்கர் லாரிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டான்.

"கட்" என்றார் டைரக்டர். வழக்கம் போல உதவி டைரக்டர், "அருண், சிரிங்க" என்று குரல் கொடுத்தார்.

அருண் எழுந்து உட்கார்ந்தான். கேமரா பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பெற்றவளை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது என்று நினைத்தான் போல. முதலில் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று, இரண்டு கையையும் கூப்பியபடி வலது பக்கம் திரும்பிவிட்டான். தன் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மாஸ்டரின் முறைப்படி நான்தான் அவனுக்குக் கண்ணாடி காட்டவில்லை.

முழு முகமும் அந்த அம்மாவுக்கு நேராக வந்தது.

நான் ஓடினேன். அதற்குள் அவர் எழுந்து, சேற்றில் கால் வைத்து, அருணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.  குழாயிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது வெறும் பூச்சுங்க. ரப்பருங்கம்மா. நீங்க வந்து உக்காருங்க" என்று உளறினேன்.

"தெரியும்யா" என்றார். குரல் உடையவில்லை. "தூங்குன மாதிரி போயிட்டான்னு வேலு சொன்னான். தூங்குன புள்ளைய எதுக்குய்யா மூட்டையாக் கட்டிக் குடுக்கணும்? எனக்கு அன்னைக்கே தெரியும். நம்புன மாதிரி இருந்துக்கிட்டேன். அவனும் புள்ளதான, பாவம், வேற என்னத்தச் சொல்லுவான்?"

லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டது.

உதவி டைரக்டர் பதற்றத்தில் என் காதருகே வந்து, "சார், அந்தச் சிரிப்பு" என்றார். அறையலாம் போல வந்தது எனக்கு. பேச்சியம்மாளுக்கு அது கேட்டுவிட்டது. "என்னய்யா சிரிப்பு?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். "சாவு வேஷம் போட்டவங்க சிரிக்காம எந்திரிக்கக் கூடாதுங்கம்மா. ஆயுசுக்கு ஆகாதுன்னு ஒரு வழக்கமுங்க. இன்னைக்கு வேண்டாமுங்க, விடுங்க."

"அதெப்படி விடுறது?" என்று என்னை அதட்டினார். பிறகு அருணிடம் திரும்பினார். "சிரி ராசா. உன்னையப் பெத்தவ ஒருத்தி ஊர்ல இருப்பாள்ல."

அருண் முயன்றான். உதடு கோணிக்கொண்டு போனதே தவிர சிரிப்பு வரவில்லை. "காயத்த வச்சுக்கிட்டு எப்படிச் சிரிப்பான்? மொதல்ல தொடைக்கணும்" என்றவர், கையை நீட்டப் போய் நிறுத்தி, அவனிடம் கேட்டார். "தொட்டுக்கிடட்டுமாய்யா?"

செல்லப்பன் மாஸ்டரைத் தவிர வேறு யாரும் ஒரு முகத்திடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. போட்ட கைதான் துடைக்க வேண்டும் என்பது எங்கள் முறை. நான் என் சட்டைப் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, எண்ணெய்ப் பஞ்சை அந்த அம்மாவின் கையில் வைத்தேன்.

அவர் சேற்றிலேயே உட்கார்ந்து துடைத்தார். ரத்தம் போனது. கிழிந்த கன்னம் ஓரத்தில் பிரிந்து சுருண்டு வந்தது. அதற்கு அடியில் ஒரு கீறல் இல்லாத கன்னம் இருந்தது. விழுந்து எழுந்த குழந்தையிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே துடைத்தார். "ஒண்ணுமில்ல ராசா, ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல பாரு." கடைசியாக அந்த ரப்பர் இமை கழன்று அவர் விரலோடு வந்தது. அருண் இடது கண்ணைத் திறந்தான். எண்ணெய் பட்டுக் கண் கூசி, இமையைக் கொட்டிக் கொட்டி அவரைப் பார்த்தான்.

அப்போதுதான் பேச்சியம்மாள் அழுதார். அழுதுகொண்டே, "இப்ப சிரி" என்றார். அருண் சிரித்தான். கண்ணீர் வழிய, பல் தெரிய, கேமராவை மறந்துவிட்டு அவரைப் பார்த்தே சிரித்தான். செட்டில் இருந்த அத்தனை பேரும் அழுதோம். லைட் பிடிக்கிற முரட்டு ஆள்கள்கூட அழுதார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா பஞ்சைக் கீழே போடாமல் எழுந்து, லாரிப் பக்கம் பார்த்தார். "ஏல வேலு. இங்க வா."

அடி வாங்கப் போகிறவன் போல வந்து நின்றான். அவர் அந்த எண்ணெய்ப் பஞ்சால் அவன் முகத்தையும் துடைத்தார். நெற்றி, கன்னம், தாடை, எதையும் விடவில்லை. அந்த முகத்தில் துடைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தார்.

"நீயும் சிரில" என்றார். "நீயுந்தான செத்து எந்திரிச்சு வந்திருக்க. உன்னைய ஒருத்தரும் சிரிக்கச் சொல்லலயே."

வேலுவால் முடியவில்லை. அவர் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று கத்தினான். அத்தனை நாள் அவனுக்குள் கிடந்த கத்தல் அது. அவர் அவன் தலையைத் தடவி, "சரி, கெடக்கட்டும். அது பாக்கி" என்றார். சாயந்தர பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாகவே ஏறிப் போனார்கள். ஜன்னல் ஓரத்தை அம்மாவுக்கு விட்டுவிட்டு, அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு வேலு உட்கார்ந்திருந்தான்.

படம் வந்தது. அந்த இடது பக்க முகம் சில நொடிகள்தான் வருகிறது. தத்ரூபம் என்று எழுதினார்கள். என்னைப் பாராட்டினார்கள். அருணின் சிரிப்பு அதில் இல்லை. இருக்கவும் கூடாது. அடுத்த சில வருடங்களில் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. புருவம் வரைந்தால் அலை அடிக்கிறது என்று தெரிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு எருத்தேன்பதிக்கு வந்துவிட்டேன்.

இங்கே வந்த பிறகு ஒரு நாள் வேலு போன் செய்தான்.

"அண்ணே, அம்மா போயிட்டாங்க. காரியமெல்லாம் நான்தான் செஞ்சேன்."

"கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பட்டாங்கண்ணே. மறைக்கல." "மொகத்த நான்தான் தொடச்சேன். எண்ணெ தொட்டு, அவங்க தொடச்ச மாதிரியே. முந்துன நாள் நெனவு இருக்கும்போது என்னையக் கூப்புட்டாங்க. 'ஏல, ஒண்ணு பாக்கி நிக்கே'ன்னாங்க. எனக்குப் புரிஞ்சுட்டு."

நான் காத்திருந்தேன்.

"சிரிச்சேண்ணே" என்றான்.